மாலை உண்டு, மண் இல்லை!

கடல் கடந்து வாழும் தமிழர் இங்கு வந்தால் மாலை உண்டு, மேடை உண்டு, "தொப்புள்கொடி உறவே, வருக!" என்ற வரவேற்புத் தட்டியும் உண்டு. அந்த உறவே மறுநாட் காலை, பாட்டன் வாங்கிய நிலத்துக்குப் பட்டா கேட்டு அலுவலகப் படியேறினால்? மாலையிட்ட கை மறைந்துவிடுகிறது. "நாளை வாருங்கள்" என்ற வாய் மட்டுமே எஞ்சுகிறது!

தமிழருக்கு மட்டும் நேர்வதன்று இது. கோவாக் கடற்கரையில் வீடு வாங்கிய ஆங்கிலேயரும் இதையே பாடினர்: "இந்தியாவின் விதி எங்களுக்கு விளங்கவில்லை, விளக்கவேண்டியவரோ வாய் திறக்கவில்லை."

இந்தப் புலம்பலைக் கேட்கும் நம்மவர் இரு சாரார். "வந்தவனுக்கு என்ன வாய்? பிடிக்காவிட்டால் போகட்டுமே!" என்பவர் ஒரு சாரார். "வெளிநாட்டாரே சொல்லிவிட்டார், நம் நாடு உருப்படாது" என்று தலையில் அடித்துக்கொள்பவர் மறு சாரார். முன்னது வீம்பு, பின்னது அடிமைப்புத்தி. இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. எந்தக் குறை விதியால் விளைந்தது, எந்தக் குறை அலுவலகத்தால் விளைந்தது என்று பிரித்துப் பார்ப்பதன்றோ அறிவுடையார் செய்யவேண்டியது? அப்படிப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு நம் குடும்பத்தின் வழியாகவே நமக்குக் கிட்டியது. அதனைத்தான் தோழர்கள்முன் வைக்கிறோம்.

நம் ஊர் காவிரியின் கடைமடை. நம் தாத்தாவின் அண்ணன், நம் பெரிய தாத்தா, இளமையிலேயே நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்றவர். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரை இன்றும் நம் வட்டாரத்துக் கிழவர்கள் உறவினரின் பெயர்போலச் சொல்வர். அங்கே அவர் பால்மரம் சீவினார். விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டி, அட்டைக்கும் கொசுவுக்கும் இரத்தம் கொடுத்து, மீந்ததை ஊருக்கு அனுப்பினார். அந்தப் பணத்தில் 1956-இல் அவர் பெயரில் மூன்று மா நஞ்சை வாங்கப்பட்டது. ஏறத்தாழ ஓர் ஏக்கர். மறு ஆண்டு மலாயா விடுதலை பெற்றது. அவர் அந்நாட்டுக் குடிமகனானார், அங்கேயே மறைந்தார். அவர் மகனும் மறைந்தார். அந்த மகனின் மகன், நமக்கு முறையில் அண்ணன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் பூத்த கிரயப் பத்திரத்தோடு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

நிலத்தை உழுதவர் யார்? நம் தாத்தா, பிறகு நம் தந்தை. பட்டா யார் பெயரில்? நம் தாத்தாவின் பெயரில்!

இது எப்படி நேர்ந்தது? 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. ஊர் ஊராக அலுவலர் வந்து, பழைய பதிவேட்டைத் திருத்திப் புதிய பதிவேடு எழுதினர். வயலில் நின்றவர் பெயர் ஏட்டில் ஏறிற்று. கடலுக்கு அப்பால் நின்றவர் பெயர் இறங்கிற்று. வஞ்சனை ஏதும் இல்லை. "அண்ணன் நிலம்" என்றே தாத்தா கடைசிவரை கூறிவந்தார். ஏடு அந்தச் சொல்லைக் கேட்கவில்லை.

பட்டா மட்டுமே உடைமை உரிமையைத் தந்துவிடாது. வருவாய்ப் பதிவு வேறு, உரிமை வேறு என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆனால் பட்டா இல்லாதவரிடம் நிலம் வாங்க யாரும் முன்வருவதில்லை, வங்கி மதிப்பதில்லை. தீர்ப்பில் சிறிதாக இருக்கும் அந்தத் தாள், வாழ்க்கையில் மலையாக நிற்கிறது.

நம் தந்தைக்கோ தயக்கம் இல்லை. "அண்ணன் மகன் பிள்ளைக்கு உரியது, கொடுத்துவிடுவோம்" என்றார். தர மனமுண்டு; பெற ஆளுண்டு. வழக்கில்லை, வம்பில்லை. இனி என்ன தடை? அங்கேதான் விதி குறுக்கே வந்து நின்றது.

அலுவலக வாயிலில் அமர்ந்திருந்த தரகர் ஒரு குறுக்குவழி கூறினார்: "உங்கள் அப்பா ஒரு தானசெட்டில்மெண்டு எழுதிக் கொடுத்தால் போதும்; ஒரே நாளில் முடித்துவிடலாம்." எளிது, இனிது, ஆனால் சட்டத்துக்குப் புறம்பானது! 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, வெளிநாடு வாழ் இந்தியரும், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை உடையவரும் இங்கே வீடு வாங்கலாம்; கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்கலாகாது. தானமாகப் பெறவும் கூடாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்க நினைத்தால், இங்கேயே வாழும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கவேண்டும். ஆக, அண்ணனுக்கு அந்த நஞ்சை வாரிசாகச் சேரலாம், அன்பளிப்பாகச் சேரலாகாது! அவர் பாட்டனின் சொத்து அவருக்கு வந்தது என்று ஏட்டைத் திருத்துவது ஒன்றே வழி. தரகர் சொன்னபடி செய்திருந்தால், கட்டணமும் கட்டி, கையூட்டும் கொடுத்து, குற்றமும் வாங்கியிருப்போம்.

இந்த விதியைத் தரகர் அறியவில்லை. அவரிடம் வந்து போகும் எவரும் அறியவில்லை. ஆங்கிலத்தில் இருந்த விதித்தொகுப்பை அகராதி துணையுடன் இரவில் அமர்ந்து படித்த பிறகே நாம் அறிந்தோம். கலைப் பட்டம் பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கே இரண்டு இரவுகள் ஆயின. பால்மரம் சீவியவரின் பேரனுக்கு எத்தனை இரவுகள் ஆகும்?

விதியே தீமை என்று நாம் கூறவரவில்லை. வணிகம் செய்ய வந்த கும்பெனி நாட்டையே வளைத்துக்கொண்ட வரலாறு உடையது இந்த மண். வெளிநாட்டுப் பணம் வெள்ளமாக வந்து வயல்களை வாங்கிக் குவித்தால், உழவன் விலைக்கு நிற்க முடியாது. ஆகவே, வேலி வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆனால் எந்த வேலியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கவேண்டுமே: வெள்ளாட்டைத் தடுக்கிறதா, உழவனைத் தடுக்கிறதா?

துபாயில் கட்டட வேலை செய்யும் நம் ஊர் இளைஞனைப் பாருங்கள். அவன் இந்தியக் குடிமகன், வாக்குரிமை உடையவன், உழவன் வீட்டுப் பிள்ளை. அவன் அங்கு வேலையில் இருக்கும்வரை, தன் வியர்வைப் பணத்தில் சொந்த ஊரில் ஒரு குழி நஞ்சைகூடத் தன் பெயரில் வாங்க இயலாது. விதிப்படி அவன் 'வெளியே வாழ்பவன்'. சென்னையிலே குளிர்ந்த அறையில் அமர்ந்து, சேற்றில் கால் வைத்தறியாத செல்வரோ தடையின்றி வாங்கலாம். உழவர்தாம் நிலம் வாங்கலாம் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை; ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்ற உச்சவரம்பு மட்டுமே உண்டு. வயலைக் காக்க வந்த விதி, கலப்பை பிடித்த கையைப் பார்க்கவில்லை; கடவுச்சீட்டையும் கப்பற்சீட்டையும் பார்க்கிறது!

கோவாவில் நிகழ்ந்ததையும் காணுங்கள். 2000-க்குப் பின்வந்த ஆண்டுகளில் ஆங்கிலேயர் பலர் அங்கே வீடு வாங்கினர். இந்திய வம்சாவளியினர் அல்லாத வெளிநாட்டார் வீடு வாங்கவேண்டுமானால், சட்டப்படி 'இந்தியாவில் வசிப்பவர்' ஆகவேண்டும். முந்திய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இங்கே தங்கியிருக்கவேண்டும். நாட்களை எண்ணினர், சரியாக வந்தது என்று மகிழ்ந்தனர். ஆனால் நாட்கணக்கு மட்டும் போதாது. வேலைக்கோ, தொழிலுக்கோ, காலவரையின்றி வாழும் எண்ணத்துடனோ தங்கியிருத்தல் வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்தவர் அப்படித் தங்குபவர் ஆகார். கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவு நடந்தது. பின்னரே விசாரணை வந்தது. வாங்கியவர் விதியைப் படிக்காதது குறைதான். பதிவு செய்தவர் அன்று ஏன் சொல்லவில்லை? தடுக்கவேண்டிய நாளில் முத்திரை குத்திவிட்டு, முத்திரை குத்திய பிறகு தடுப்பது எந்த நேர்மை?

இவர்கள் எல்லாரையும்விடக் கொடிய நிலை ஒன்று நம் கண்முன்னேயே உண்டு. 1983 முதல் அலையலையாக வந்த ஈழத் தமிழர் வாழும் முகாம்கள் நம் மாநிலத்தின் பல மாவட்டங்களில் உள்ளன. 2021-இல் அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது, நன்று. ஆனால் இலங்கைக் குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டை இல்லாவிடில், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இங்கே ஒரு சென்ட் நிலமும் வாங்க இயலாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே பெறலாம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினர் நீண்டகால நுழைவுரிமை பெற்று இங்கு வாழ்ந்தால், குடியிருக்க ஒரு வீடும் தொழில் செய்ய ஓர் இடமும் வாங்கலாம் என்று விதி வழி திறந்திருக்கிறது. திறக்கட்டும், ஓடி வந்தவனுக்கு ஒதுங்க இடம் தருவது அறமே. ஆனால் அந்த வரியில் இலங்கைத் தமிழர் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் வகுப்பில் திருக்குறள் ஒப்பிக்கும் சிறுமி 'வெளிநாட்டார்'! அவள் தந்தை நாற்பதாண்டு இங்கே சுவருக்கு வண்ணம் பூசினாலும், ஒரு சுவர் அவர் சுவர் ஆகாது.

விதியின் கதை இது. இனி, அலுவலகத்தின் கதை.

ஏட்டைத் திருத்தப் பெரிய தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும். அண்ணன் கொண்டுவந்தார். அது மலாய் மொழியில் இருந்தது. மொழிபெயர்த்து, கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் முத்திரையும் பெற்றுவந்தார். அதில் பெரிய தாத்தாவின் பெயருக்கும் அவர் தந்தையின் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' என்று இருந்தது. மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது 'மகன்' என்று பொருள். எழுத்தர் பார்த்தார். "பத்திரத்தில் தலைப்பெழுத்து ஒன்று, இதில் தலைப்பெழுத்து இரண்டு. ஆள் வேறு" என்றார். விளக்கினோம். "எழுதி வாங்கி வாருங்கள்" என்றார். எழுதி வாங்கி வந்தோம். "யார் இவர்கள் எழுதுவதற்கு?" என்றார்.

அடுத்து வாரிசுச் சான்று. இறந்தவர் வாழ்ந்த வட்டத்தில்தான் பெறவேண்டுமாம். அவர் வாழ்ந்த வட்டம் பேராக் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே நம் வட்டாட்சியர் இல்லை! "நீதிமன்றம் போங்கள்" என்றனர். ஒருநாள் கோப்பு மேசையில் இருந்தது, அலுவலர் இல்லை. ஒருநாள் அலுவலர் இருந்தார், கோப்பு இல்லை. இரண்டும் இருந்த நாளில் கணினி இணைப்பு இல்லை. அண்ணனின் விடுப்பு மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்தது.

அவர் ஒருநாள் வினவினார்: "தம்பி, இந்த மண் எனக்கு உரியதா, இல்லையா? இல்லையென்றால் இல்லையென்றே எழுதித் தரட்டும், போய்விடுகிறேன். ஒன்றுமே சொல்லாமல் உட்கார வைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை."

சிந்தியுங்கள் தோழர்களே! மறுப்பு ஓர் உரிமையைப் பறிக்கிறது; மறுக்கவும் செய்யாத மௌனம் மனிதனின் மதிப்பையே பறிக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மௌனத்தின்மேல் எங்கே முறையிடுவது?

வழி ஒன்று இருந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஆனால் அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுக் குடிமகனான அண்ணன் கேட்க இயலாது. தமக்கு நேர்ந்த தாமதத்தின் காரணத்தைத் தாமே கேட்கும் உரிமை அவருக்கு இல்லை! ஆகவே நாம் கேட்டோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்று கேள்விகள் எழுதினோம்: மனு இன்று யார் மேசையில் உள்ளது? எந்த நாள் முதல் உள்ளது? எந்த விதியின்படி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது?

முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது சட்டம். விடை வருமுன்பே கோப்பு நடக்கத் தொடங்கியது! விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. நம் தந்தை சென்று, "நிலம் என் பெரியப்பாவுக்கு உரியது, என் தந்தை உழுதார், அவ்வளவே" என்று வாக்குமூலம் தந்தார். உத்தரவு இன்னும் வரவில்லை. ஆனால் கோப்பு எங்கே உள்ளது என்பது தெரியும். காணாமற் போகும் கோப்புக்கும், கண்காணிக்கப்படும் கோப்புக்கும் நிரம்ப வேறுபாடு உண்டு.

இந்த அலைச்சலில் நாம் கண்டதே இக்கட்டுரையின் உயிர். அண்ணன் அமர்ந்த அதே பலகையில், நாள்தோறும் ஒரு கைம்பெண் அமர்ந்திருந்தார். கணவர் இறந்து இரண்டாண்டுகள். பக்கத்து ஊர்தான், மொழி தமிழ்தான், இறப்புச் சான்றும் தமிழில்தான். தலைப்பெழுத்துத் தகராறு இல்லை, தூதரக முத்திரை தேவையில்லை. ஆயினும் பட்டா மாறவில்லை. அன்றாடக் கூலியை இழந்து வந்து அமர்ந்து, மாலையில் எழுந்து போவார். அண்ணன் கொதித்தார், அந்த அம்மையார் கொதிக்கவில்லை. "சர்க்கார் காரியம் அப்படித்தானே, சாமி" என்றார்.

வெளிநாட்டார் அடைவது அதிர்ச்சி. நம்மவர் அடைந்திருப்பது பழக்கம். அதிர்ச்சி ஆளைக் கேள்வி கேட்க வைக்கும். பழக்கம் கேள்வியையே கொன்றுவிடும். வந்தவர் ஒருமுறை பட்ட அவமதிப்பை உள்ளூர் ஏழை வாழ்நாள் முழுதும் விழுங்குகிறார். ஆகவே, வெளிநாட்டார் குறை கூறும்போது, "நம்மை இழிவு செய்கிறார்" என்று சினப்பது பேதைமை. அவர் நமக்காகவும் சேர்த்துத்தான் கூவுகிறார்.

முன்னேற்றமே இல்லை என்பாரோடு நாம் சேரோம். பரம்பரைக் கர்ணமும் மணியமும் ஊரை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறப்பால் வந்த அதிகாரம் போய், தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இது சிறு மாற்றமன்று. இன்று பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வீட்டிலிருந்தே கணினியில் காணலாம். ஆனால் பழைய ஏட்டில் இருந்த தவற்றைக் கணினி திருத்திவிடவில்லை. விரைவாகக் காட்டுகிறது, அவ்வளவே. நாற்காலி மாறியது; ஏடு மாறியது; நாற்காலிக்கு அப்பால் நிற்பவரை மனிதராக மதிக்கும் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை.

என்ன செய்யலாம்? அரசுகள் செய்யவேண்டியன நான்கு. நிலம் பற்றிய விதிகள் அனைத்தும் எளிய தமிழில் ஒவ்வொரு பதிவு அலுவலகச் சுவரிலும் எழுதப்படவேண்டும். மனுவை ஏற்கவில்லையெனில், காரணத்தை எழுத்தில் குறித்த நாளுக்குள் தரவேண்டும். அயல்நாட்டில் இறந்தவரின் வாரிசுகளுக்கு, நீதிமன்றத்துக்குத் துரத்தாத தனி நடைமுறை வேண்டும். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியிருக்க ஒரு வீடேனும் சொந்தமாகும் உரிமை வேண்டும்.

நாம் செய்யவேண்டியன அதனினும் எளியன. ஊருக்கு இரண்டு இளைஞர் முன்வந்தால் போதும். வாரத்தில் ஒரு மாலை, படிப்பகத்தில் அமர்ந்து மனு எழுதித் தருவோம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கப் பழக்குவோம். வாய்மொழி மறுப்பை ஏற்காதிருப்போம். கையூட்டு கொடுப்பதும் குற்றம் என 2018-இன் திருத்தம் கூறுகிறது. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம் என்றும் கூறுகிறது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? தரகர் வாழ்வது நம் அறியாமையில். அலுவலக மௌனம் வாழ்வது நம் அடக்கத்தில்.

அந்த அம்மையாருக்காகவும் ஒரு மனு எழுதினோம். பத்து ரூபாய் வில்லை ஒட்டினோம். அவரே கையெழுத்திட்டார், எழுத்துக்கூட்டி, மெல்ல, முழுப் பெயரையும் எழுதினார். அவருக்குப் பட்டா வந்துவிட்டது. நம் அண்ணனுக்கு இன்னும் வரவில்லை, வரும்வரை கேட்போம்.

கடல் கடந்து வருபவருக்கு மாலை வாங்கும் காசில் ஒரு பாதியை மனுத் தாளுக்கு ஒதுக்குவோம், தோழர்களே! மாலை மறுநாள் வாடிவிடும். எழுதிக் கேட்ட கேள்வி, விடை வரும்வரை வாடாது.